செவல் மண்ணுக்குச் சின்னத் தட்டு

அத்தியாயம் 5

புதுச்செவல் சபை நிலத்தில் அந்தச் சனிக்கிழமை காலையில் இம்மானுவேல் தோண்டி எடுத்தவை: மாட்டு லாடம் பதினொன்று, தேய்ந்த ஏர்க்கொழு இரண்டு, சைக்கிள் பெடல் ஒன்று, வெற்றிலைப் பெட்டி மூடி ஒன்று. அறுபது கிலோ வெண்கல மணி இந்தப் பட்டியலில் இல்லை.

"அக்கா, இன்னும் அஞ்சு லாடம் கெடச்சுட்டா ஒரு சோடி மாட்டுக்கு ஆச்சு. மாடு மட்டும்தான் வாங்கணும்," என்றான்.

உடைமர நிழலிலும் குடையை விரித்து உட்கார்ந்திருந்த சரஸ்வதி சிரிக்கவில்லை. அவள் சிரிப்பதற்கென்று தனியாக ஒரு நாள் குறித்து வைத்திருக்கிறாள், அது இன்னும் வரவில்லை என்று இம்மானுவேல் நம்பிக்கொண்டிருந்தான்.

அருப்புக்கோட்டையில் நூல் கடை மாடியில் இருக்கும் சரஸ்வதி துப்பறியும் நிலையத்தில் மொத்தமே இந்த இரண்டு பேர்தான். சரஸ்வதி பதினோரு வருடம் போலீஸில் இருந்தவள். ஒரு முறை மேலதிகாரியின் மச்சினனைச் சந்தேகத்தின் பேரில் உள்ளே வைத்தாள். சந்தேகம் சரியாக இருந்துவிட்டதால் வேலையை விட வேண்டியதாயிற்று. இம்மானுவேல் டி.வி. மெக்கானிக். நிலையத்து ரேடியோவைப் பழுது பார்க்க வந்தவன், மூன்று வருடமாகக் கிளம்பவில்லை. ரேடியோவும் பாடவில்லை.

வழக்கு எளிமையானது, அதனால்தான் கஷ்டம். எட்டு நாளைக்கு முன்பு, செப்டம்பர் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை ராத்திரி, புதுச்செவல் வேதக்கோயில் வாசலில் இருந்த செங்கல் வளைவிலிருந்து மணி காணாமல் போனது. மணியின் நாக்கு மட்டும், மணி அடிக்கும் கோயில்பிள்ளை யேசுதாசன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. வருடா வருடம் அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் நாக்கைக் கழற்றி, அதன் தோல்வாருக்கு எண்ணெய் போட்டு ஊற வைப்பது அவருடைய வழக்கம். இருபத்தேழு வருட வழக்கம் ஒரே ராத்திரியில் சாட்சியாக மாறிவிட்டது. மணியில்லாத நாக்கு யார் வீட்டில் இருக்கிறதோ, நாக்கில்லாத மணியும் அவன் கைக்குத்தான் போயிருக்கும் என்று சபைக் கமிட்டி முடிவு கட்டியது.

வண்டித் தடம் ஒன்று கோயிலிலிருந்து பின்னால் இருந்த சபை நிலத்துக்குப் போய், உழுத கடலைக் காட்டில் மறைந்திருந்தது. மணியைப் புதைத்திருக்கலாம் என்றார்கள். கமிட்டிச் செயலாளர் தேவசகாயம் தானே முன்வந்து, அருப்புக்கோட்டையிலிருந்து உலோகம் கண்டுபிடிக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்து இரண்டு நாள் தேடினார். லாடம் கிடைத்தது. மணி கிடைக்கவில்லை. அப்படியானால் யேசுதாசன் அதை விற்றுவிட்டார். நாளை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் கோயில் வளாகத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். திங்கட்கிழமை திருச்சுழி போலீஸில் எழுதிக் கொடுப்பார்கள்.

யேசுதாசனின் மனைவி சவுந்தரம்தான் நிலையத்தின் படியேறி வந்தவள். அழவில்லை. "எம் புருசன் திருடியிருந்தா நானே பிடிச்சுக் குடுத்துருவேன். அவுகளுக்குத் திருடத் தெரியாது. வீட்டுக்கு வெங்காயமே ஒழுங்கா வாங்கத் தெரியாது," என்றாள். கட்டணமாக ஒரு வெடைக்கோழியைப் பேசினாள். சரஸ்வதி ஒப்புக்கொண்டாள்.

இப்போது அந்த மெஷின் இம்மானுவேலின் கையில் இருந்தது. கைத்தடி நீளத்தில் ஒரு குழாய், மேலே முள் ஆடும் ஒரு பெட்டி, நுனியில் வட்டமான தட்டு. தட்டுக்கு அடியில் மண்ணுக்குள் உலோகம் இருந்தால் பெட்டி கத்தும். இரும்பு என்றால் முள் இடப்பக்கம் சாயும், செம்போ வெண்கலமோ என்றால் வலப்பக்கம். புதுச்செவல் நிலத்தில் பெட்டி எங்கே வைத்தாலும் கத்தியது. முள் இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடிக்கொண்டிருந்தது.

"மெஷினு கெட்டுப் போச்சாப்பா?" என்று சரஸ்வதி கேட்டாள்.

"மெஷினு நல்லாத்தான் இருக்கு. தட்டுதான் சரியில்ல." இம்மானுவேல் மெஷினைத் திருப்பிக் காட்டினான். தட்டு கல்யாண வீட்டுத் தாம்பாளம் அளவுக்கு இருந்தது. "இந்தச் செவல்ல இரும்பு கலந்து கெடக்கு. இம்புட்டுப் பெரிய தட்டு ஒரு வண்டி மண்ணை ஒரே நேரத்துல பாக்குது. மண்ணையே இரும்புனு நெனச்சுக் கத்துது. இதுக்குச் சின்னத் தட்டு போடணும்."

"அது வாடகைக்கு எடுத்தவருக்குத் தெரியாதா?"

"பெருசா இருந்தா நல்லா வேலை செய்யும்னு நெனச்சிருப்பாரு."

"தேவசகாயம் முன்மாதிரி விவசாயினு பட்டம் வாங்குனவரு," என்றாள் சரஸ்வதி, குடையை மடக்கியபடி. "மண்ணுக்குத் தக்கன விதை எடுக்கத் தெரிஞ்ச மனுசன், மண்ணுக்குத் தக்கன தட்டு எடுக்கலையா? கெளம்பு. பஸ்ஸு வந்துரும்."

*

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் ராஜகுருவின் கடை இருந்தது. தொலைபேசித் துறையில் புதைத்த கேபிளைத் தேடித் தேடியே ஓய்வு பெற்றவர். இப்போது சொந்தமாக மெஷின் செய்து, தெருவுக்கு அடியில் தொலைந்துபோன குழாய்களைத் தேடுகிறவர்களுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார். தட்டுகளுக்குக் கம்பி சுற்றுவதும் அவரேதான்.

கடைச் சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் மண். ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டி, 'திருச்சுழி கரிசல்', 'பந்தல்குடி ஓடை மணல்' என்று எழுதியிருந்தது.

"ஊறுகாய் வகைவகையாப் போட்டு வச்சிருக்கீங்களே அண்ணாச்சி," என்றான் இம்மானுவேல்.

ராஜகுரு அதைக் காதில் வாங்கவில்லை. "மண்ணைப் பாக்காம நான் தட்டு குடுக்க மாட்டேன் தம்பி. காலைப் பாக்காம செருப்பு குடுக்க முடியுமா? வாரவுக மண்ணு கொண்டாந்தா பாட்டில்ல எடுத்து வச்சுக்கிருவேன். புதுத் தட்டு சுத்துனா அதுல வச்சுப் பாப்பேன்."

"புதுச்செவலுக்கு எதுக்குப் பெரிய தட்டு குடுத்தீங்க?" என்று சரஸ்வதி கேட்டாள்.

ராஜகுருவின் முகம் சுருங்கியது. தொழிலைக் குறை சொன்னால் யாருக்குத்தான் சுருங்காது? மேஜைக்கு அடியிலிருந்து இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவு, இன்னொன்று அதைவிடச் சிறியது. "இந்தக் குட்டித் தட்டைத்தான் எடுத்துக் குடுத்தேன். இது கொஞ்ச மண்ணைத்தான் பாக்கும், அதனால நெதானமாப் பாக்கும். இரும்புக்குப் பக்கத்துல வெண்கலம் கெடந்தாலும் பிரிச்சுச் சொல்லும். ஆழம் கொஞ்சம் கொறையும். ஆனா மணி என்ன மோதிரமா? ரெண்டு மூணு அடியில கெடந்தாலும் தட்டுப்படும். அவரு கேக்கல."

"என்ன சொன்னாரு?"

"மூணு தட்டையும் அவரு கொண்டாந்த மண்ணுமேல வச்சுக் காட்டுனேன். குட்டி அமைதியா இருந்துச்சு. நடுத்தரம் முனங்குச்சு. பெருசு ஊருக்கே கேக்குற மாதிரி கத்துச்சு. பெறகு எடுக்க வந்தப்ப, 'அந்தப் பெருசையே குடுங்க'ன்னாரு. 'ஐயா, கத்துறது மண்ணு, மணி இல்ல'ன்னேன். 'சபைக்குப் பெருசு கொண்டு போனாத்தான் மரியாதை'ன்னாரு."

இம்மானுவேலும் சரஸ்வதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த மண்ணு இருக்கா?" என்றாள் அவள்.

ராஜகுரு பலகையின் கடைசியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். சிவப்பு மண். அதற்குள் பட்டாணி அளவில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள். "முறையாக் கொண்டாந்தாரு. விவசாய ஆபீஸுக்கு மண்ணு குடுக்குற மாதிரி துணிப்பை, பேரெழுதுன சீட்டு. மேலாப்புல அள்ளுனதானு கேட்டேன். 'எனக்கே மண்ணெடுக்கச் சொல்லித் தாறீங்களா? எந்த எடமோ அந்த எடத்து மண்ணு, எந்த ஆழமோ அந்த ஆழத்து மண்ணு'ன்னு கோவிச்சுக்கிட்டாரு."

சரஸ்வதி பாட்டிலின் சீட்டைப் படித்தாள். பிறகு பேசாமல் இம்மானுவேலிடம் நீட்டினாள். 'புதுச்செவல். தேவசகாயம். 4-9-93.'

இம்மானுவேல் விரல் விட்டு எண்ணினான். மணி காணாமல் போனது பத்தாம் தேதி.

"தேதி சரிதானா அண்ணாச்சி?"

"நாலாம் தேதி வந்து மூணு தட்டையும் சோதிச்சுப் பாத்துட்டு வெறுங்கையோட போனாரு. பதிமூணாம் தேதி கமிட்டிக் கடுதாசியோட வந்து பெருசை எடுத்துட்டுப் போனாரு. இதுல என்ன தப்பு?"

"தப்பு ஒண்ணுமில்ல," என்றான் இம்மானுவேல். "திருட்டுப் போறதுக்கு ஆறு நாள் முந்தியே தேட ஆரம்பிச்சிருக்காரு. எம்புட்டு அக்கறை பாருங்க."

குட்டித் தட்டையும் பாட்டிலையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். திருச்சுழி பஸ்ஸில் கண்டக்டர் தட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். தான் சாப்பிடுகிற தட்டு என்று இம்மானுவேல் சாதித்தான். ஒயர் எதற்கு என்று கண்டக்டர் கேட்டதற்கு, சூடு ஆறாமல் இருக்க என்றான்.

"அக்கா, நேராப் போயி அவரு சட்டையைப் பிடிச்சுருவமா?"

"பிடிச்சா, கெணத்துப் பைப்பைத் தேட மண்ணு கொண்டு போனேம்பாரு. மணி கைக்கு வரணும், அதுவும் நாளைக்குள்ள." சரஸ்வதி பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். "காலையில இருந்து நீ எத்தனை குழி தோண்டுன?"

"பதினஞ்சு. இடுப்பு எண்ணி வச்சிருக்கு."

"ஒண்ணுலயாச்சும் இந்த வெள்ளைக் கல்லு வந்துச்சா?"

இம்மானுவேல் யோசித்தான். வரவில்லை. அவன் தோண்டியது எல்லாம் ஓரடி, ஒன்றரையடிதான்.

*

கோயில் வளாகத்தில் யேசுதாசனின் வீட்டு வாசலில் ஏழு மூட்டைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பானை, சட்டி, பாய், ஒரு சாமிப்படம், எல்லாம் அதற்குள். சவுந்தரம் எட்டாவது மூட்டைக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தாள். யேசுதாசன் வெறும் வளைவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் இம்மானுவேல் தன் கேலியையும் மூட்டை கட்டினான். செய்யாத தப்புக்குப் போர்வையை மடித்து வைத்திருக்கிற மனிதனிடம் என்னத்தைக் கேலி பேசுவது?

சரஸ்வதி பாட்டிலை அவரிடம் கொடுத்தாள். "இந்த மண்ணு எந்த எடத்துதுனு சொல்லுங்க."

யேசுதாசன் ஒரு கல்லை எடுத்து நசுக்கினார். "நம்மூரு மண்ணுதாந்தாயி. சுக்கான் விழுந்திருக்கு. மூணடிக்குக் கீழ போனாத்தான் விழும். கல்லறைக்குக் குழி வெட்டுறவன் நாந்தானே, எனக்குத் தெரியாதா?"

"கல்லறை!" என்று இம்மானுவேல் துள்ளினான். "சமீபத்துல குழி வெட்டுனீங்களா?"

"ஆகஸ்டு கடைசியில ஒண்ணு."

மூவரும் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். இம்மானுவேல் பெரிய தட்டைக் கழற்றிவிட்டுக் குட்டித் தட்டை மாட்டினான். மெஷின் அமைதியாகிவிட்டது. காலையிலிருந்து காதுக்குள் கத்திக்கொண்டிருந்த செவல் மண், சின்னத் தட்டுக்கு வெறும் மண்ணாக இருந்தது. புதுக் கல்லறையைச் சுற்றி நாலு பக்கமும் தட்டை அங்குலம் அங்குலமாக நகர்த்தினான்.

முள் அசையவே இல்லை.

இன்னொரு முறை பார்த்தான். அப்போதும் இல்லை. யேசுதாசன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பரவாயில்ல தம்பி. நாளைக்குக் காலையில ஒரு மாட்டு வண்டி மட்டும் சொல்லி விட முடியுமா?" என்றார். இம்மானுவேலுக்கு மெஷினைத் தூக்கி எறிய வேண்டும் போல் இருந்தது.

அப்போது மாலை ஆறு மணி. கோயில் வாசலிலிருந்து 'டாங்' என்று ஒரு சத்தம் வந்தது. கரகரத்த 'டாங்'. நடுவில் கேசட் சுற்றும் இரைச்சல்.

"என்ன இது?" என்றாள் சரஸ்வதி.

"கொழா ஸ்பீக்கரு தாயி," என்றார் யேசுதாசன். "கூம்புக் கொழா. செயலாளரு அவுக அப்பா நினைவா வாங்கிக் குடுத்தது. மணிச் சத்தத்தைக் கேசட்டுல பிடிச்சு வச்சிருக்காரு. மணி காணாமப் போன மறுநாளே கம்பத்தை நட்டுட்டாக. ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு ஏதாச்சும் அடிக்கணும்ல."

சரஸ்வதி திரும்பி நடக்க ஆரம்பித்தாள். வேகமாக நடந்தாள். கோயில் வாசலில், வெறும் வளைவுக்குப் பத்தடி தள்ளி, இருபதடி உயர இரும்புக் கம்பம் நின்றது. உச்சியில் கூம்புக் குழாய். கம்பத்தில் செயலாளரின் தகப்பனார் பெயர் சிவப்பு எழுத்தில் பளபளத்தது.

"இந்தக் கம்பத்துக்குக் குழி வெட்டுனது யாரு?"

"நாந்தாம்மா. மூணாந்தேதி."

"எம்புட்டு ஆழம்?"

"நாலடி. ரொம்ப அகலமா வெட்டச் சொன்னாரு. ஒரு கம்பத்துக்கு எதுக்கண்ணாச்சி கல்லறைக் குழி மாதிரினு கேட்டேன். அப்பா பேரு போட்ட கம்பம் காத்துல சாயக் கூடாதுன்னாரு. ஒரு வாரம் குழியைத் தெறந்தே போட்டு வச்சிருந்தாரு."

மூன்றாம் தேதி குழி. நாலாம் தேதி மண். பத்தாம் தேதி மணி. பதினொன்றாம் தேதி கம்பம். இம்மானுவேல் இந்த முறையும் விரல் விட்டு எண்ணினான்.

"விவசாயி புத்தி," என்றாள் சரஸ்வதி. "எந்தத் தட்டுக்கு மணி தட்டுப்படாதுனு முன்கூட்டியே பாத்துக்கிட்டாரு. விதை விழப்போற எடத்து மண்ணைத்தான் சோதிக்கணும்னு பழகிப்போன கை. மேல்மண்ணை ஒரு பிடி அள்ளிட்டுப் போயிருந்தா நமக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. முறைப்படி எடுத்துட்டாரு."

"யாருக்கா இரும்புக் கம்பத்துக்கிட்ட மெஷினைக் கொண்டு போவா? போனாலும் கம்பத்துக்குத்தானே கத்துதும்பாக."

"பெரிய தட்டுக்கு அப்படித்தான். உங்கிட்ட இருக்கிறது எது?"

அதற்குள் குழாய்ச் சத்தத்தைச் சரிபார்க்கத் தேவசகாயமே வந்துவிட்டார். தினமும் ஆறு மணிக்கு வந்து நின்று, குழாயை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவது அவர் வழக்கம். வெள்ளை வேட்டி, கையில் குடை. "கெடச்சுதாம்மா?" என்றார், அக்கறையாக. பிறகு மெஷினின் நுனியைப் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய தட்டு. அவர் முகத்திலிருந்து அக்கறை இறங்கிப்போனது.

இம்மானுவேல் கம்பத்தைத் தொட்டாற்போல் தட்டை வைத்தான். பெட்டி கத்தியது, முள் இடப்பக்கம் சாய்ந்தது. இரும்பு.

"கம்பத்துக்குக் கத்துது," என்றார் தேவசகாயம் அவசரமாக.

"ஆமா அண்ணாச்சி, கம்பம் கம்பம்னுதான் சொல்லுது. பொய் பேசாத மெஷினு." இம்மானுவேல் தட்டை ஓரடி நகர்த்தினான். சத்தம் நின்றது. இரண்டடி. ஒன்றுமில்லை. சவுந்தரமும் கையில் கயிறோடு வந்து நின்றாள். மூன்றடி.

பெட்டி வேறு குரலில் பாடியது. முள் நிதானமாக வலப்பக்கம் சாய்ந்து, அங்கேயே நின்றது.

மேலே குழாய் 'டாங்' என்றது. யேசுதாசன் உள்ளே போய் மண்வெட்டியோடு வந்தார். தான் வெட்டிய குழியை இரண்டாம் முறை வெட்ட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. இரண்டரை அடியில் சாக்குத் துணி தெரிந்தது. துணியைக் கிழித்ததும் மணியின் தோள் தெரிந்தது. அவர் முழந்தாளிட்டு, கையாலேயே மண்ணை ஒதுக்கினார். அவர் அழுதார். சத்தமாகவே அழுதார்.

தேவசகாயம் குடையை ஊன்றிக்கொண்டு கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"கெணத்து மோட்டாரு தூக்குற செயின் கப்பியில எறக்குனீங்க. நாக்கு கழண்டிருக்கிற நாளாப் பாத்து, சத்தம் வராம," என்றாள் சரஸ்வதி. "வெறும் வண்டியைக் காட்டுக்கு ஓட்டித் தடம் போட்டீங்க. எதுக்கு?"

"கொழா வாங்கி ஆறு மாசமாச்சும்மா," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "மணி இருக்கையில கொழா எதுக்குன்னாக. கம்பத்தை வேணா நட்டுக்க, மணிதான் அடிப்போம்னாக. எங்கப்பா பேரு போட்ட கொழா ஒரு ஞாயித்துக்கெழமையாச்சும் அடிக்கணும்னு நெனச்சேன். ஒரு மாசம் போனாச் சனங்க பழகிரும். அப்புறம் மணியை நானே கண்டுபிடிச்ச மாதிரி குடுத்துரலாம்னு இருந்தேன். நடுவுல பழி இவரு மேல விழுந்துருச்சு."

"விழுந்துச்சா, விழட்டும்னு விட்டீங்களா?"

தேவசகாயம் குடை நுனியால் மண்ணைக் கீறினார்.

யேசுதாசன் குழிக்குள் நின்றபடியே கண்ணைத் துடைத்தார். "எங்கிட்டக் கேட்டிருந்தா ஒரு மாசம் நானே அடிக்காம இருந்திருப்பனே அண்ணாச்சி," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இனிமே கேட்டாலும் விடமாட்டேன்," என்றார்.

சவுந்தரத்துக்கு அந்த அளவுக்குப் பொறுமை கிடையாது. கையிலிருந்த கயிற்றைத் தேவசகாயத்தின் மடியில் போட்டாள். "ஏழு மூட்டை கட்டியிருக்கேன். வந்து அவுத்து விடுங்க. எது எது எங்கன இருந்துச்சோ அங்கன வச்சுட்டுத்தான் நீங்க வீட்டுக்குப் போகணும்."

முன்மாதிரி விவசாயி எழுந்து போய், வாசலில் குந்தி, முதல் முடிச்சை அவிழ்த்தார். ஊரில் பாதிப் பேர் வேலிக்கு வெளியே கூடிவிட்டார்கள். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. சாமிப்படத்தை அவர் தப்பான ஆணியில் மாட்டினார். சவுந்தரம் கழற்றி மாட்டச் சொன்னாள்.

ஏழாவது மூட்டையும் அவிழ்ந்த பிறகு யேசுதாசன் அவர் முன்னால் கையை நீட்டினார். "நாக்கு உங்க பீரோவுல இருக்கு. சாட்சினு எடுத்துட்டுப் போனீக."

தேவசகாயம் தெரு வழியே வீட்டுக்குப் போனார். அதே தெரு வழியே, அத்தனை பேரும் பார்க்க, மணியின் நாக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார். கூட்டம் வழி விட்டது. யேசுதாசன் அதை வாங்கி, முதலில் தோல்வாரை விரலால் தடவிப் பார்த்தார். எண்ணெய் நன்றாக ஊறியிருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு அடிப்பீங்க?" என்று இம்மானுவேல் கேட்டான். கேலி இல்லாமல்தான் கேட்டான்.

"அஞ்சரைக்கு. இருபத்தேழு வருசமா அஞ்சரைதான்."

திரும்பும் பஸ்ஸில் இம்மானுவேலின் மடியில் ஒரு பக்கம் குட்டித் தட்டும் மறுபக்கம் கால் கட்டிய வெடைக்கோழியும் இருந்தன. அதே கண்டக்டர். அவர் தட்டைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார்.

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த சரஸ்வதியின் தோள் லேசாகக் குலுங்கியது.